எபனேசர் ஓட்டிப் பார்த்த வண்டி

ஒரே பெயரில் இரண்டு வண்டிகள் இருந்ததுதான் சிக்கலாகிவிட்டது. வேறு வேறு வண்டிகளாக இருந்திருந்தால் எபனேசர் முதல் நாளே ஏதாவது காரணம் சொல்லி ஒன்றைத் தள்ளிவிட்டிருப்பார்.

தென்காசியிலிருந்து திருநெல்வேலி போகும் சாலையில் இருந்த அந்த ஷோரூமுக்கு அவரும் எப்சிபாவும் போவது அது மூன்றாவது முறை. கண்ணாடிச் சுவருக்கு உள்ளே இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒரே உருவம், ஒரே நீளம், பின்கதவை மேலே தூக்கித் திறக்கிற சின்ன வண்டிகள். வெள்ளையாக நின்றது சாதா மாடல். சிவப்பாக நின்றது டர்போ. அதற்குச் சக்கரம் கொஞ்சம் அகலம், இருக்கையில் சிவப்பு நூலில் தையல், பின்னால் இரட்டைப் புகைக்குழாய்.

வண்டியைக் காட்டிய பெண்ணின் பெயர் மீனா. புளியங்குடிக்காரி. முதல் இரண்டு முறையும் ஷோரூம் தமிழில் பேசியவள், மூன்றாவது முறை களைத்துப்போய் ஊர்ப் பேச்சுக்கு இறங்கிவிட்டாள்.

"சார், நான் எதையும் மறைக்கல. டர்போ மிதிச்ச உடனே பறக்கும். ஆனா டவுனுக்குள்ள லிட்டருக்குப் பதிமூணு, பதினாலுதான் தரும். சாதா இருபது தரும். சர்வீஸ் செலவும் கம்மி. பறக்கணுமா, சிக்கனமா போகணுமாங்கிறது ஒங்க இஷ்டம்."

"டர்போவே போடுங்க," என்றாள் எப்சிபா.

"சாதாவே போதும். தினம் போயிட்டு வார வண்டி. மைலேஜ்தான் முக்கியம்," என்றார் எபனேசர்.

"இருபத்திரெண்டு வருசம் ஆம்புலன்ஸ் ஓட்டுன ஆளு மைலேஜ் பேசுதிய," என்று எப்சிபா சிரித்தாள். மீனாவும் மரியாதைக்குச் சிரித்தாள். எபனேசர் வெள்ளை வண்டியின் கதவைத் திறந்து, மறுபடியும் சாத்தினார்.

எப்சிபா கீழப்பாவூர்ப் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்தில் கிராம செவிலியர். மேலகரத்தில் இருக்கும் வீட்டிலிருந்து சுந்தரபாண்டியபுரம் வழியாகத்தான் ஸ்கூட்டரில் போய் வருவாள். ஆடி மாதம் சூரியகாந்தி பூத்திருந்த சமயத்தில், போட்டோ எடுக்க வந்த கூட்டம் ரோட்டை மறித்து நின்றது. ஓரமாக ஒதுங்கப் போனவளை மணல் சறுக்கிவிட்டது. இடது மணிக்கட்டு முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டுப் பிரித்த அன்று டாக்டர், இனிமேல் ஸ்கூட்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதனால்தான் கார். எபனேசர் வேலையை விட்டு வீட்டில் சும்மா இருந்தார். காலையில் அவளைக் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் கூட்டிவருவது என்று பேசி முடிவாகியிருந்தது. அதைப் பேசி முடித்தவள் எப்சிபா. எபனேசர் மறுக்கவில்லை, அவ்வளவுதான்.

அவர் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஆம்புலன்ஸ் டிரைவராக இருந்தவர். தென்காசியில் முடியாத கேஸ்களைத் திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ கொண்டுபோகும் வேலை. பாவூர்சத்திரம், ஆலங்குளம் என்று எந்த இடத்தில் எந்த வேகத்தடை, எந்தப் பள்ளிக்கூடத்துக்கு எத்தனை மணிக்கு மணியடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆரம்பத்தில் பின்னால் அழுகுரல் கேட்டால் கண்ணாடியில் பார்ப்பார். யாராவது வழியிலேயே இறந்துவிட்டால் இரண்டு நாள் சோறு இறங்காது. நாலைந்து வருடத்தில் பார்ப்பது நின்றது. அப்புறம் கேட்பதும் நின்றது. பிணத்தை இறக்கிவிட்டு, வண்டியைக் கழுவி, பக்கத்துக் கடையில் புரோட்டா சாப்பிட முடிந்தது. சொந்த அண்ணன் ஞானமுத்து போனபோது, உடலைத் திருநெல்வேலியிலிருந்து ஊருக்குக் கொண்டுவந்தது இவர்தான். அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் வண்டிக்கு ஆயில் மாற்றினார். மகளின் கல்யாணத்தில் எல்லோரும் அழுதும் சிரித்தும் கிடந்தபோது, யாருடைய பையையோ பிடித்துக்கொண்டு நிற்கும் ஆள் மாதிரி மேடையோரமாக நின்றிருந்தார். அந்த போட்டோவை எப்சிபா ஆல்பத்தில் ஒட்டவில்லை.

மாசி மாதம் ஒரு நாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சாவியை மேஜைமேல் வைத்து, "முடியல, விட்டுருங்க," என்றார். ஏன் என்று கேட்டவர்களிடம் அலுப்பு என்றார். ஐம்பத்து நாலு வயது, இருபத்திரண்டு வருட ஓட்டம். எல்லோரும் நம்பினார்கள். எப்சிபாவும் நம்பினாள்.

நன்னகரத்தில் பட்டறை வைத்திருக்கும் சேக் மைதீன்தான் அந்த ஆம்புலன்ஸை இத்தனை வருடமும் பழுது பார்த்தவர். எபனேசர் அவரிடமும் போய்க் கேட்டார்.

"அண்ணாச்சி, இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் சேக் மைதீன், கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தபடி. "ஒங்க காலுக்கு டர்போதான். சாதாவ எடுத்தா ஒரு மாசத்துல வெறுத்துருவிய. மிதிச்சதும் ஒண்ணும் நடக்காது, அஞ்சு எண்ணிக்கிட்டு இருக்கணும். மாட்டு வண்டி."

"மாட்டு வண்டின்னா நல்லதுதான."

"யாரு பேசுதது இது?"

மிதித்ததும் ஒன்றும் நடக்காத வண்டிதான் எபனேசருக்கு வேண்டியிருந்தது. அதற்கான காரணத்தை அவர் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை.

நாலாவது முறை எப்சிபா விடவில்லை. ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்று மீனாவுக்கு அவளே போன் போட்டு நாள் குறித்தாள். புரட்டாசியில் ஒரு திங்கட்கிழமை, காலை பதினொரு மணி. குற்றால சீசன் முடிகிற நேரம். மலைமேல் மேகம் இறங்கியிருந்தது. சாரல் விழுவதும் நிற்பதுமாக இருந்தது. மீனா பின்னால் உட்கார்ந்துகொண்டாள். எப்சிபா முன்னால், அவருக்கு இடப்பக்கம்.

"மொதல்ல சாதாவ ஓட்டுவோமே," என்றார் எபனேசர்.

"அது சர்வீஸுக்குப் போயிருக்கு சார். மத்தியானம் வந்துரும். இத ஓட்டுங்க."

அவர் இருக்கையை முன்னால் இழுத்தார், பின்னால் தள்ளினார். கண்ணாடிகளைச் சரிசெய்தார். குனிந்து கால் இருக்கும் இடத்தைப் பார்த்தார். மீனா அதை ஒரு பழைய டிரைவரின் ஒழுங்கு என்று நினைத்திருப்பாள்.

டவுனைத் தாண்டும்வரை மெதுவாகத்தான் போனார். மேலகரம் கடந்து ரோடு கொஞ்சம் காலியானதும், "எங்க, மிதிங்க பாப்போம்," என்றாள் எப்சிபா. மிதித்தார். வண்டி ஒரு கணம்கூடத் தாமதிக்காமல் பாய்ந்தது. முதுகு இருக்கையில் போய் ஒட்டியது. எப்சிபா மேல்கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, "ஆத்தீ!" என்று வாய்விட்டுச் சிரித்தாள். இருபத்தாறு வருடத்தில் அவர் வேகமாக ஓட்டிய ஒரு வண்டியில் அவள் உட்கார்ந்ததே இல்லை. ஆம்புலன்ஸில் வீட்டு ஆட்களை ஏற்றக்கூடாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் வீட்டைத் தாண்டிப் போகும் சைரன் சத்தம் மட்டும்.

அவள் சிரிப்பதை அவர் கவனித்தார். நன்றாகச் சிரிக்கிறாள் என்று நினைத்தார். அதற்குமேல் ஒன்றும் இல்லை. வேகமும் அப்படித்தான். முள் எழுபதைத் தாண்டியது, எண்பதைத் தொட்டது. கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான்.

குற்றாலத்துக்குள் நுழையாமல் ஐந்தருவி ரோட்டில் திருப்பினார். படகு குழாமுக்குச் சற்று முன்னால் ஒரு குடும்பம் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது. ஈரத்துண்டு கட்டிய ஒருவர், கையில் வாளி. அவருக்குப் பின்னால் தலையைத் துவட்டிக்கொண்டே ஒரு பெண். தூரம் நிறையவே இருந்தது. எபனேசர் காலை எடுத்துப் பிரேக்கில் வைத்தார்.

வைத்ததாக நினைத்தார். இன்ஜின் ஓலமிட்டது. வண்டி நிற்காமல் முன்னால் எகிறியது. சத்தத்தை வைத்துத்தான் அவருக்கே விஷயம் புரிந்தது. குனிந்து பார்த்தார். செருப்பின் ஒரு பாதி பிரேக்கின் மேலும் மறுபாதி ஆக்ஸிலரேட்டரின் மேலும் கிடந்தது. யாரோ கழற்றிப் போட்ட செருப்பு மாதிரி இருந்தது. தொடையிலிருந்து காலை மொத்தமாகத் தூக்கி எடுத்து, கை பிரேக்கை இழுத்தார். கை மட்டும் பழைய கையாகவே இருந்தது. வண்டி ஈர ரோட்டில் சற்றுத் திரும்பி, வாளிக்காரரிடமிருந்து ஒரு முழத்தில் நின்றது.

"யோவ்! கண்ணு அவிஞ்சு போச்சாய்யா? ரோட்டுல மனுசன் வாரது தெரியலையா?"

எபனேசர் கண்ணாடியை இறக்கினார். "தப்புதான்," என்றார். குரல் நிதானமாக வந்தது. வாளிக்காரர் இன்னும் கொஞ்சம் திட்டிவிட்டுப் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போனார்.

எபனேசர் கதவைத் திறந்து இறங்கினார். "நீ ஓட்டிட்டு வாம்மா," என்று மீனாவிடம் சொல்லிவிட்டுப் பின்சீட்டில் போய் உட்கார்ந்தார். மீனா வண்டியை எடுத்தாள். திரும்பி வரும் வழியெல்லாம் எப்சிபா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. கைப்பிடியையும் பிடிக்கவில்லை. மடியில் இரண்டு கைகளையும் வைத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கைப்பையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் பிடியை எடுத்தாள். அதன் நுனியில் மீன் தூண்டில் நரம்பு மாதிரி விறைப்பான நைலான் இழை. சர்க்கரை முகாமில் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க வைத்திருப்பது. எபனேசருக்குப் பதினொரு வருடமாகச் சர்க்கரை உண்டு. மாத்திரை போட்டியளா என்று கேட்டால் போட்டேன் என்பார். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

"சேர்ல உக்காருங்க. கால ஸ்டூல்ல வைங்க."

வைத்தார்.

"கண்ண மூடுங்க. நான் தொடும்போது சொல்லுங்க."

மூடினார். மின்விசிறிச் சத்தம் கேட்டது. அடுத்த வீட்டில் குக்கர் விசில் அடித்தது. சிறிது நேரம் காத்திருந்துவிட்டு, "இப்ப," என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப. பெருவிரல்ல," என்றார். பிறகு இன்னொரு முறை, "இப்ப."

"கண்ணத் திறங்க."

அவள் நைலான் இழையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் இன்னும் தொடவே இல்ல," என்றாள்.

அதன் பிறகு அவர் யூகிப்பதை நிறுத்திக்கொண்டார். எப்சிபா பெருவிரலில் ஆரம்பித்தாள். இழை வளைகிற அளவுக்கு அழுத்துவதை அவர் கண்ணைத் திறந்துகொண்டே பார்த்தார். விரல்களிலும் பாதத்திலும் குதிங்காலிலும் ஒன்றும் தெரியவில்லை. கணுக்காலுக்கு நாலு விரற்கடை மேலே வந்தபோதுதான், "அங்கன தெரியுது," என்றார். இடது கால் அதைவிடக் கொஞ்சம் தேவலை.

வலது குதிங்காலைத் திருப்பியவள் அப்படியே நிறுத்தினாள். "இது என்னது?"

கறுப்பாக ஒரு புள்ளி. சுற்றிலும் தோல் வெளுத்து ஊறியிருந்தது. அவள் அழுத்தியதும் சீழ் வந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தாள். அரை விரல் நீளத்துக்குக் கருவேல முள். அவர் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"எத்தன நாளா கெடக்கு இது?"

"தெரியல. சேக் மைதீனப் பாக்கக் குளத்தாங்கரை வழியாப் போனேன். அன்னைக்கா இருக்கும்."

"அன்னைக்குன்னா?"

"எட்டு, ஒம்பது நாளு இருக்கும்."

எப்சிபா புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டாள். அந்த வேலையை அவள் எத்தனையோ பேருக்குச் செய்திருக்கிறாள். கட்டை முடித்து ஒட்டிய பிறகுதான் பேசினாள்.

"கீழப்பாவூர்ல வீடு வீடாப் போயி ஊராரு காலயெல்லாம் தொட்டுப் பாத்திருக்கேன். செருப்பக் கழத்துங்க ஆச்சி, விரல் இடுக்கக் காட்டுங்க அண்ணாச்சின்னு. எம் புருசன் கால நான் பாக்கல." இடுக்கியைக் கழுவி வைத்துவிட்டு, "எப்பலருந்து இப்படி?" என்று கேட்டாள்.

அவர் சொன்னார். மாசி மாதம் வயலில் வேலை பார்த்த ஒரு சம்சாரியைப் பாம்பு கடித்துத் திருநெல்வேலிக்குக் கொண்டு போனார். ஆலங்குளத்துக்கு முந்திய வேகத்தடையில் வண்டி வேகம் குறையாமல் தூக்கிப் போட்டது. பின்னால் நர்ஸ் கத்தினாள். குனிந்து பார்த்தால் கால் பிரேக் மிதிக்கு வெளியே, பாதி ஓரத்தில் நின்றிருந்தது. அந்த வண்டியின் மிதிகள் விறைப்பு. முழங்காலிலும் கெண்டைச் சதையிலும் அழுத்தம் தெரியும். அதை வைத்தே அதற்கு முன்னால் எத்தனையோ மாதம் ஓட்டியிருக்கிறார் என்பது அப்போதுதான் விளங்கியது. மிச்ச தூரம் முழுக்க ரோட்டைக் கொஞ்சம், காலைக் கொஞ்சம் என்று பார்த்துக்கொண்டே போனார். சம்சாரி பிழைத்துக்கொண்டார். மறுநாள் காலை சாவியைக் கொடுத்துவிட்டார்.

"யார்ட்டயும் சொல்லலையா?"

"இல்ல."

"எங்கிட்ட?"

"சொல்லிருக்கலாம்."

"பெறகு எதுக்குக் கார் ஓட்டுதேன்னு ஒத்துக்கிட்டிய?"

"நீதான் பேசுன. நான் ஒத்துக்கல, சும்மா இருந்தேன். சாதா வண்டின்னா மெதுவாப் போயிரலாம்னு நெனச்சேன். அது சட்டுனு பாயாது."

எப்சிபா ஸ்டூலைத் தள்ளி வைத்தாள். "நான் எதுக்கு அந்தச் செவப்பு வண்டியக் கேட்டேன்னு தெரியுமா? வேலைய விட்ட நாள்லருந்து நீங்க வீட்டுல இருக்கதே தெரியல. கூப்பிட்டா வாரிய, சாப்பிடச் சொன்னா சாப்பிடுதிய. ஓடி ஓடிப் பழகுன மனுசன் ஒக்காந்ததுனால வந்ததுன்னு நெனச்சேன். ஒரு வேகமான வண்டி கையில இருந்தா முகத்துல கொஞ்சம் உசுரு வரும்னு நெனச்சேன். என் சம்பளத்துல கடன் போட்டுருவோம்னு சம்பளச் சீட்டெல்லாம் எடுத்து வச்சிருந்தேன்."

அந்த இடத்தில் தனக்கு ஏதாவது தோன்றியிருக்க வேண்டும் என்று எபனேசருக்குத் தெரிந்தது. வெட்கமோ, அவள்மேல் இரக்கமோ, குறைந்தபட்சம் அந்த வாளிக்காரரை நினைத்து ஒரு பயமோ. தேடிப் பார்த்தார். பசிதான் இருந்தது. மணி இரண்டாகியிருந்தது.

"சாப்பிடலாமா?" என்று கேட்டார்.

எப்சிபா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய்ச் சாம்பாரைச் சுட வைத்தாள். அடுப்படியில் குழாய் வெகுநேரம் திறந்தே கிடந்தது. அவர் கட்டுப் போட்ட காலை ஸ்டூலிலிருந்து இறக்கித் தரையில் வைத்தார். தரை சில்லென்று இருக்கும். இருந்திருக்கும்.

அந்த வாரமே அவரை டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் நிறையப் பேசினார். போன நரம்பு பெரும்பாலும் திரும்பாது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் மேலே பரவாமல் பார்த்துக்கொள்ளலாம். தினமும் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். உள்ளே மெத்தென்று இருக்கும் எம்.சி.ஆர். செருப்புதான் போட வேண்டும், வீட்டுக்குள்ளும். வண்டி ஓட்டவே கூடாது. எல்லாவற்றுக்கும் எபனேசர் தலையாட்டினார். கடைசியில் அவராக ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இது மேல ஏறுமா டாக்டர்? நெஞ்சு வரைக்கும் வருமா?"

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நல்ல கேள்வி. சிலருக்கு நெஞ்சுவலி வந்தாக்கூடத் தெரியாமப் போயிரும். ஒரு ஈசிஜி எடுத்துருவோம்."

அவர் கேட்டது அது அல்ல. ஆனால் அதை எப்படித் திருத்திச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. படுத்து, சட்டையைக் கழற்றி, வயர்களை ஒட்ட விட்டார். ஈசிஜி நன்றாக இருந்தது. எப்சிபா மட்டும் அந்தக் கேள்வியைப் புரிந்துகொண்டாள் போலிருந்தது. வரும் வழியில் ஆட்டோவில் அவர் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். கையில் உணர்ச்சி இருந்தது. அவளுடைய மோதிரம் தெரிந்தது.

மீனா மூன்று முறை போன் செய்தாள். மூன்றாவது முறை எப்சிபா, "வண்டி வேணும்மா. ஆனா ஓட்டப் போறது நான். படிச்சிட்டு வாறேன்," என்றாள்.

ஐப்பசியில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். நாற்பத்தொன்பது வயதில், முறிந்து கூடிய மணிக்கட்டோடு. சொல்லிக்கொடுத்த ஆனந்தவள்ளி காலை ஆறரைக்கே வந்து வாசலில் ஹார்ன் அடிப்பாள். எபனேசர் ஜன்னலில் நின்று பார்ப்பார். கிளட்சை விடத் தெரியாமல் வண்டி குதித்துக் குதித்து அணையும். அவர் ஒரு யோசனையும் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. முதல் டெஸ்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது கம்பைத் தட்டிவிட்டாள். இரண்டாவதில் தேறினாள்.

கார்த்திகையில் மழை ஓய்ந்த ஒரு நாளில் இருவரும் ஷோரூமுக்குப் போனார்கள். அதே இரண்டு நிறங்கள் நின்றன. எப்சிபா முதலில் வெள்ளை வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். பின்கதவைத் தூக்கச் சொல்லி, தடுப்பூசிப் பெட்டி வைக்க இடம் இருக்கிறதா என்று முழம் போட்டுப் பார்த்தாள். பிறகு சிவப்பு வண்டியில் ஏறினாள். அதில் ஒன்றையும் அளக்கவில்லை. ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கண்ணாடிக்கு வெளியே பார்த்திருந்தாள்.

"மேடம், ஒங்களுக்கு இதுதான் புடிச்சிருக்கு போல," என்றாள் மீனா.

"பொய் சொல்ல மாட்டேன். அன்னைக்கு மேலகரம் தாண்டி ஒரு மிதி மிதிச்சார் பாத்தியா, அது நல்லாத்தான் இருந்துச்சு. அது இவருக்காகக் கேட்டதுன்னு இத்தன நாளும் நெனச்சேன். எனக்கும் ஆசை இருந்திருக்கு."

"அப்ப டர்போவே போட்டுருவமா?"

எப்சிபா இறங்கினாள். "வேண்டாம். நான் யாரையும் காப்பாத்தவா ஓடுதேன்? தினமும் போகணும், வரணும். குண்டும் குழியுமா கெடக்க ரோடு. புதுக் கை வேற. வெள்ளையே போடு."

மீனா எபனேசரைப் பார்த்தாள். "சார், ஒங்களுக்கு ஓகேவா?"

"அவதான் ஓட்டப் போறா," என்றார். பிறகு, "எனக்குக் கால்ல உணர்ச்சி கெடையாது. அன்னைக்கு அதான் நடந்துச்சு. ஒன்னப் பின்னால ஒக்கார வச்சிக்கிட்டு நான் அந்த வண்டிய எடுத்திருக்கக் கூடாது," என்றார்.

வெளியாள் ஒருவரிடம் அவர் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னபோது பாரம் இறங்கியது போலவும் இல்லை, ஏறியது போலவும் இல்லை. மீனா, "சரி சார்," என்று சொல்லிவிட்டுப் புக்கிங் படிவத்தை எடுத்து எழுத ஆரம்பித்தாள்.

வண்டி வந்த முதல் ஒன்பது நாள் எபனேசர் இடப்பக்கம் உட்கார்ந்து கீழப்பாவூர் வரை போய் வந்தார். அவள் முப்பது, முப்பத்தைந்துக்கு மேல் போகவில்லை. பின்னால் வருகிறவன் எல்லாம் ஹார்ன் அடித்தான். ஒரு லாரி முந்தியபோது அவள் ஓரக்கண்ணால் அவர் காலைப் பார்த்தாள்.

"கால எடுங்க. மிதிச்சிக்கிட்டே வாரிய."

அவர் குனிந்து பார்த்தார். வலது கால் தரைவிரிப்பை அழுத்திக் கசக்கியிருந்தது. எப்போதிருந்து என்று அவருக்குத் தெரியாது. காலைத் தூக்கிப் பின்னால் இழுத்து வைத்துக்கொண்டார். ஒரு கிலோமீட்டர் போவதற்குள் அது மறுபடியும் அங்கே போயிருந்தது. அவள் இரண்டாம் முறை சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பழைய ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். எப்சிபா போய் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள் என்று பின்னால் தெரிந்தது. ஆம்புலன்ஸுக்கு வருகிற போன்களை எடுத்து, இடத்தைக் கேட்டு, டிரைவருக்கு வழி சொல்லும் வேலை. உட்கார்ந்த இடத்திலேயே பார்க்கலாம். எபனேசர் சரி என்றார். புதிதாக ஒருவன் கடையத்துக்குப் போக வேண்டியிருந்தால், எந்த ரயில்வே கேட் அடைத்திருக்கும், எந்தத் தெருவில் தேர் நிற்கும் என்று இவர் சொல்லிவிடுவார். போனில் அழுகிறவர்களிடம், "அழாம எடத்த மட்டும் சொல்லுங்க," என்பார். அந்தக் குரலைக் கேட்டால் அழுகிறவர்கள் நிறுத்திவிடுகிறார்கள் என்று அங்கே பேசிக்கொண்டார்கள். அதை அவர் ஒரு புகழாக எடுத்துக்கொள்ளவில்லை.

பத்தாம் நாள் காலையில் எப்சிபா வண்டியை வாசலுக்கு எடுத்தாள். அவர் கதவருகே போனபோது, "நீங்க வர வேண்டாம். ஒங்களுக்கும் டூட்டி இருக்குல்லா. நான் தனியாப் போயிக்கிடுதேன்," என்றாள்.

"சரி," என்றார். அவள் கண்ணாடியைப் பார்த்தாள், இரண்டு பக்கமும் பார்த்தாள், கிளட்சை விட்டாள். வண்டி குதிக்காமல் நகர்ந்தது. தெருமுனையில் இண்டிகேட்டர் போட்டுத் திரும்பியது. எபனேசர் உள்ளே வந்து, கட்டிலில் உட்கார்ந்து, கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து இரண்டு பாதங்களையும் பார்த்தார். ஒன்றும் இல்லை. செருப்பைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

ஒன்பதரை மணிக்கு ஆஸ்பத்திரியில் அவருடைய செல்போன் அடித்தது.

"வந்து சேந்துட்டேன். வேப்பமரத்து நெழல்ல நிறுத்திருக்கேன்."

"சைடு கண்ணாடிய மடக்குனியா?"

"மடக்கிட்டேன்."

"சரி," என்றார். மேஜைமேல் இருந்த இன்னொரு போன் அடித்தது. அதை எடுத்தார்.